பழைய வீவக வீட்டில் உள்சுவரை எடுத்துப் புதுத் தடுப்பு வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய வீட்டின் சாவி கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே நிற்கும் சுவரை விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பதுதான். "இது வெறும் செங்கல்தான், எடுத்துட்டா ஹால் பெருசாயிடும்" என்று கூடவே வந்த மாமாவோ மச்சானோ சொல்லிவிடுவார். அவர் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் தட்டிப் பார்த்த சத்தத்தை நம்பி யாரும் சுவரில் கை வைக்கக் கூடாது.

நான் சிங்கப்பூரில் வீடு புதுப்பிக்கும் வேலையில் மேற்பார்வையாளர். ஆங் மோ கியோ, பிடோக், தோ பாயோ, கிளமெண்டி பக்கம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய மூவறை, நாலறை வீடுகள்தான் என் கைக்கு அதிகம் வருபவை. அவற்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கூட்டுரிமை வீடு (கொண்டோ), தரைவீடு, கடைவீடு பற்றி நடுவில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எடையிலிருந்து தொடங்குங்கள்

பழைய வீடுகளின் உள்சுவர் பெரும்பாலும் அரைச்செங்கல் சுவர். நம் கொத்தனார்கள் நாலரை இன்ச் சுவர் என்பார்களே, அதுதான். இரண்டு பக்கமும் பூச்சு. இப்படி ஒரு சுவர் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ இருக்கும். 3 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம் என்றால் 7.8 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 2 டன். ஒரு படுக்கையறையின் ஒரு பக்கத்துச் சுவர் மட்டும் ஒரு வேனின் எடை.

அந்த இரண்டு டன்னும் இத்தனை வருஷம் ஒரு கோடாக, பெரும்பாலும் அடியில் இருக்கும் பீமின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. பீம் அதற்கென்றே போட்டது. நீங்கள் சுவரை இடித்ததும் எடை காணாமல் போவதில்லை. இடிகல்லாக உங்கள் தரையின் நடுவில் கிடக்கிறது. குடியிருப்பு வீட்டின் தரைக்கு, ஆட்களும் மேசை நாற்காலியும் சேர்ந்த எடையாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோதான் கணக்கில் எடுப்பது வழக்கம். இரண்டு டன்னையும் ஒரே குவியலாக இரண்டு சதுர மீட்டர் இடத்தில் கொட்டினால் அது சதுர மீட்டருக்கு 1,000 கிலோ.

இதை என் அண்ணன் வீட்டில் கண்ணால் பார்த்தேன். அந்த வேலை என்னுடையது அல்ல, வேறு ஒரு குத்தகையாளர் (காண்டிராக்டர்) செய்தார். மதியம் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனேன். ஹாலின் நட்டநடுவில் இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் குவியல். லாரி நாளைக்குத்தான் வரும் என்றார்கள். சாப்பாட்டை வைத்துவிட்டு, ஆட்களோடு நானும் சேர்ந்து மூட்டை கட்டி, ஓரமாக பீம் ஓடும் இடங்களை ஒட்டிப் பரப்பி வைத்தோம். இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா, தன் ஹால் கூரையில் மயிரிழைக் கீறல் ஒன்றைக் காட்டினார். அது அந்தக் குவியலால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேலை தொடங்குமுன் எடுத்த படம் எங்களிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. அண்ணன் பூசிக் கொடுத்தார். அதன்பிறகு கீழ்வீட்டுக் கூரையையும் மேல்வீட்டுத் தரை ஓரத்தையும் அவர்கள் அனுமதியோடு படம் எடுக்காமல் நான் எந்த வேலையும் தொடங்கியதில்லை.

1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்டு கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். லிட்டில் இந்தியா பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த நாள் இன்னும் நினைவிருக்கும். கட்டடத்தின் சொந்த எடையே வடிவமைப்புக் கணக்கில் சேரவில்லை என்பதை விசாரணை கண்டுபிடித்தது. 1989-இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இன்றைக்கு ஒரு கட்டமைப்புச் சுவரில் கை வைக்கப் பொறியாளர் கையெழுத்து கேட்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

எது வெறும் தடுப்பு, எது கட்டடத்தைத் தாங்குவது

வீவகவிடம் உங்கள் வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட தரைப்படத்தை வாங்குங்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டு முகவர் கொடுத்த விளம்பரப்படம் இதற்குப் போதாது. தரைப்படத்தில் தூண்களும் கான்கிரீட் சுவர்களும் கனத்துத் தெரியும், செங்கல் தடுப்புகள் மெல்லிய இரட்டைக் கோடாக ஓடும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்து, சுவர்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். நான் இரண்டு நிறம் வைத்திருக்கிறேன்: தொடவே கூடாததற்குச் சிவப்பு, விசாரிக்க வேண்டியதற்கு மஞ்சள்.

சிவப்புக் குறி சில இடங்களுக்குக் கேள்வியே இல்லாமல் விழும். பக்கத்து வீட்டோடு பகிரும் சுவர். வெளிப்புறச் சுவர். தூண், பீம், கான்கிரீட் சுவர். 1998-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் இருக்கும் வீட்டுப் புகலிடத்தின் (நெருக்கடி காலத்தில் ஒதுங்குவதற்கான கான்கிரீட் அறை) சுவர்கள்: அவற்றை இடிப்பது கிடக்கட்டும், துளையிடுவதற்கே கட்டுப்பாடு உண்டு.

மஞ்சள் குறி போட்ட சுவரில் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, தலைக்கு மேலே. சுவருக்கு மேல் பீம் துருத்திக்கொண்டு ஓடுகிறதா? ஓடினால், அந்தச் சுவர் பீமுக்கும் தரைக்கும் நடுவில் அடைத்த சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். பீம் இல்லாமல் சுவர் நேராகக் கூரையில் முட்டினால் பொறியாளரைக் கேட்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

இரண்டு, துளைத் தூள். சிறிய துரப்பணத்தால் ஒரு துளை போட்டுப் பாருங்கள், குழாயும் வயரும் இல்லாத இடத்தில். செம்மண் நிறத்தில் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்து துரப்பணம் திணறினால் கான்கிரீட். உள்ளே இரும்பில் இடித்து நின்றுவிட்டால் கம்பி. சாம்பல் தூள் வந்தும் துரப்பணம் எளிதாக உள்ளே போனால் அது உள்ளீடற்ற சிமெண்ட் கல்லாகவோ எடை குறைந்த கான்கிரீட் பலகையாகவோ இருக்கலாம்.

மூன்று, சுவரின் முனை. சில வீடுகளில் செங்கல் சுவரின் ஓரத்திலோ நடுவிலோ ஒல்லியான கான்கிரீட் தூண் ஒன்று பூச்சுக்குள் மறைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் முழுச் சுவரும் ஒன்றுபோல்தான் தெரியும். முழுச் சுவரையும் எடுக்க நினைத்துக் கடைசியில் ஒரு முழ அகலத்தை அப்படியே விட வேண்டிவந்த வீடுகள் பல. இதை முன்பே தெரிந்துகொண்டால் அந்த முழத்தை அலமாரியின் பக்கமாகவோ, தொலைக்காட்சிச் சுவரின் ஓரமாகவோ வடிவமைப்புக்குள் கொண்டுவந்துவிடலாம்.

இவற்றை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. குத்தகையாளரிடமும் பொறியாளரிடமும் சரியான கேள்வி கேட்கத்தான் இவை உதவும். கான்கிரீட் பாகம் எதையாவது தொட வேண்டியிருந்தால் தகுதிபெற்ற நிபுணத்துவப் பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் வேலை நகராது, நகரவும் கூடாது.

கூட்டுரிமை வீடென்றால் நிர்வாகக் கழகத்தின் அனுமதி வேண்டும். பழைய தரைவீடுகளில் சுவரே மேல்மாடியைத் தாங்குவது சாதாரணம், ஆகவே பொறியாளர் வந்து பார்த்தே ஆகவேண்டும். லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்ற பகுதிகள் 1989-இலேயே பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டவை. அங்குள்ள கடைவீட்டில் எதை மாற்றுவதற்கும் முதலில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள். இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில்தான் அங்கே மர உத்தரங்களே உட்கார்ந்திருக்கும்.

சுவருக்குள் என்ன ஓடுகிறது

சுவிட்சும் பிளக்கும் இருக்கும் சுவரில் வயர் இருப்பது எல்லாருக்கும் தெரியும். சுவிட்சே இல்லாத சுவருக்குள்ளும் வயர் ஓடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பழைய வீடுகளில் ஓர் அறையின் வயர் தரைக்குள் இறங்கி அடுத்த அறையில் எழும்பும். முன்பிருந்த வீட்டுக்காரர் குளிரூட்டி வைத்தபோது அதன் வடிகால் குழாயைச் சுவருக்குள் புதைத்திருப்பார். சமையலறைச் சுவரில் தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் இருக்கலாம்.

உரிமம் பெற்ற மின்பணியாளரை வரவழைத்து, அந்தச் சுவரோடு தொடர்புடைய இணைப்புகளைத் துண்டித்து, சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே உளி சுவரில் படவேண்டும். அவர் வந்திருக்கும்போதே மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் அது இல்லாமல் இருந்தது. இப்போது எல்லா வீட்டிலும் கட்டாயம். தண்ணீர்க் குழாய்க்கு உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர், எரிவாயுக் குழாய்க்கு உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர். இந்த மூன்று வேலையையும் "நம்ம ஆளே பார்த்துக்குவான்" என்று சொல்லும் குத்தகையாளரிடம் உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பழைய வீட்டில் இன்னொரு கவலை ஆஸ்பெஸ்டாஸ். கட்டடங்களில் அதைப் பயன்படுத்துவதற்கு 1989-இல் தடை வந்தது. அதற்கு முன் வைத்த தடுப்புப் பலகை, கூரைப் பலகை, நெளித்தகடு ஆகியவற்றில் அது இருக்கலாம். செங்கல் சுவரைவிட, முன்பிருந்தவர்கள் பிற்பாடு அடித்த பலகைத் தடுப்புகளில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். சந்தேகம் வந்தால் வெட்டாதீர்கள், உடைக்காதீர்கள். மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்கச் செய்து, இருந்தால் அதை அகற்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அதன் இழை நுரையீரலில் படிந்து நோயாக வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆகும். அன்றைக்கு இருமல் வரவில்லையே என்று எவரும் நிம்மதி அடைய முடியாது.

அனுமதி, ஆள், அண்டை வீட்டார்

வீவக வீட்டில் சுவரை இடிக்க அனுமதி வேண்டும். அந்த அனுமதியை வீவகவின் குத்தகையாளர் பட்டியலில் இருப்பவர்தான் விண்ணப்பித்து வாங்க முடியும். பட்டியல் வீவக இணையத்தளத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். அனுமதி இல்லாமல் இடித்தால் அபராதத்தோடு, பழையபடி சுவரைக் கட்டித்தரச் சொல்லவும் செய்வார்கள்.

பொதுவான புதுப்பிப்பு வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. சுவர் இடிப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற சத்தமான வேலைகள் வார நாள்களில் மட்டும், காலை 9 முதல் மாலை 5 வரை. சனி, ஞாயிறு, பொது விடுமுறை கிடையாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற பெரிய பண்டிகைகளுக்கு முந்தின நாளும் கிடையாது. இடிக்கும் வேலையைத் தொடர்ந்து 3 நாள்களுக்குள் முடிக்கவேண்டும். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் புளோக்கில் மொத்தப் புதுப்பிப்பு வேலைக்கும் ஒரு மாதம்தான்.

உங்கள் புளோக் 1997 வரை கட்டியதாக இருந்தால், பழைய வீடுகளை வீவக சீரமைத்துத் தரும் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் முடிந்துவிட்டதா, வரப்போகிறதா என்றும் விசாரியுங்கள். கழிவறையைப் புதுப்பிப்பதும் கூரையில் பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்வதும் அந்தத் திட்டத்திலேயே வரும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கழிவறைப் பக்கத்துச் சுவரைப் புதிதாக்கிவிட்டு, அடுத்த வருஷம் திட்டம் வந்தபோது கைபிசைந்தவர்கள் உண்டு.

அண்டை வீட்டாருக்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பே சொல்லுங்கள். கதவில் ஒட்டும் அறிவிப்பைக் குத்தகையாளர் ஒட்டுவார். நீங்களும் ஒரு தடவை நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு, இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர் வீடு, படுக்கையில் இருக்கும் பெரியவர் வீடு எது என்று அப்போதுதான் தெரியும். எந்த மூன்று நாள் இடிக்கப் போகிறோம் என்று தேதியோடு சொன்னால் பலர் அந்த நாள்களில் மகள் வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போய்விட்டு வருவார்கள்.

இடிக்கும் மூன்று நாள்

முதல் நாள் காலை இடிப்பு இல்லை. மின்தூக்கியின் உட்சுவருக்கும் பொது நடைபாதைக்கும் பலகை விரிப்பது, மற்ற அறைக் கதவுகளைப் பிளாஸ்டிக் தாளால் ஒட்டி அடைப்பது, தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்வது ஆகியவை முதலில் முடியவேண்டும். செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் சிலிக்கா தூள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. சுவரை நனைத்து நனைத்து இடித்தால் தூசு பாதிக்குமேல் குறைந்துவிடும். அந்தச் சுவரை இடிக்கும் தம்பிகளில் பலர் நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள். ஒரு வீட்டில் மூன்று நாள், அடுத்த வீட்டில் மூன்று நாள் என்று வருஷம் முழுக்க இதையே சுவாசிக்கிறவர்கள். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லி, சரியான முகக்கவசம் கொடுக்கும்படி குத்தகையாளரிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் உடனே நடக்கிறது.

அடுத்தது, வெட்டு. எடுக்கப்போகும் சுவர் நிற்கப்போகும் சுவரோடு சேரும் இடத்தில், மேலிருந்து கீழ் வரை கிரைண்டரால் ஒரு கோடு வெட்டவேண்டும். இந்தக் கோடு இல்லாமல் சம்மட்டி போட்டால் அதிர்வு பக்கத்துச் சுவருக்கு ஏறி, பூச்சு பாளம்பாளமாக வரும்.

பிறகு மேலிருந்து தொடங்கவேண்டும், எப்போதும் மேலிருந்து. இதற்கு இரண்டு காரணம். அடியை முதலில் பெயர்த்தால் மேலே நிற்கும் ஒரு டன் செங்கல் ஆள்மேல் சரியும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. பீம் பல ஆண்டுகளில் மிகச் சிறிதளவு தொய்யும். அது இயல்பு. அப்படித் தொய்யும்போது அடியில் இருக்கும் தடுப்புச் சுவரின் தலையில் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும். முதலில் உச்சி வரிசைச் செங்கல்லை மட்டும் மெதுவாக எடுத்தால் பீம் படிப்படியாகத் தன் இடத்துக்கு வரும். சட்டென்று முழுச் சுவரையும் தள்ளிவிட்டால் மேல்வீட்டுச் சுவரில் கீறல் தெரியலாம். அதனால் உச்சி வரிசையை எடுத்ததும் வேலையை நிறுத்தி, மேலே புதுக் கீறல் எதுவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். அந்த அரைமணி நேரம் வீணில்லை.

அதற்குப்பின் வரிசை வரிசையாக இறங்குங்கள். இடிக்கும் இயந்திரத்தைத் தரைக்கு அருகில் செங்குத்தாகப் பிடிக்க விடாதீர்கள். கடைசி இரண்டு வரிசையைக் கை உளியால் எடுப்பதே நல்லது, ஏனென்றால் அடியில் இருப்பது உங்கள் தரை மட்டுமல்ல, கீழ்வீட்டின் கூரையும். எதிர்பாராத இடத்தில் கம்பி தலைகாட்டினால் அன்றைய வேலை அங்கேயே நிற்கவேண்டும். கம்பியை அறுத்துவிட்டுத் தொடர்வோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இடிகல்லை 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் மேலே சொன்ன சுவருக்கு ஏறக்குறைய 80 மூட்டை வரும். அன்றன்றைக்கு வெளியேற்றும்படி லாரியைப் பேசி வையுங்கள். காத்திருக்கும் மூட்டைகளை ஓரமாக, பரப்பி, ஒற்றை அடுக்காக வையுங்கள். பொது நடைபாதையில் குவிக்கக் கூடாது, குப்பைச் சரிவில் ஒரு கல்கூடப் போடக் கூடாது.

தரையில் தெரியும் தழும்பு

சுவர் போனதும் எல்லாரும் வெளிச்சத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். அடுத்த நிமிடம் கீழே பார்க்கிறார்கள். பழைய சுவர் கான்கிரீட் தளத்தின் மேல் நேராக எழும்பியது, ஓடு அதன் இரு பக்கமும் வந்து முட்டியது. ஆகவே சுவர் நின்ற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, விரல் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் ஒரு பள்ளம் வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடும். ஒருபக்கம் ஹாலின் ஓடு, மறுபக்கம் அறையின் ஓடு. இரண்டும் வேறு நிறம், சில வீட்டில் வேறு உயரம்.

மேற்கோள் விலையில் இந்தப் பள்ளம் இருக்கிறதா என்று ஒப்பந்தம் போடுமுன் கேளுங்கள். "சுவர் இடித்தல்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் பெரும்பாலும் இருக்காது.

பள்ளத்தைச் சுத்தம் செய்து, நனைத்து, சிமெண்ட் கலவையால் நிரப்பி, நன்றாக இறுக நாள் கொடுக்கவேண்டும். மேலே என்ன போடுவது என்பதில் மூன்று வழி இருக்கிறது. தரை முழுக்கப் புதிய ஓடு போடலாம்: அழகு, ஆனால் மொத்த ஓட்டையும் பெயர்க்கும் சத்தமும் செலவும். பழைய ஓட்டின் மேலேயே வினைல் பலகை விரிக்கலாம்: எடை குறைவு, வேகம், எனக்குப் பிடித்த வழி. முதலில் ஓட்டின் சந்துகளையும் உயர வித்தியாசத்தையும் சமன்செய்ய வேண்டும், கதவுகளின் அடியைச் சீவவேண்டும். ஓட்டின் மேல் ஓடு போட நினைத்தால், கலவையும் சேர்த்து மொத்தத் தடிமன் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வீவக விதி. மறுபடியும் எடைதான் காரணம்.

எழுபதுகளின் வீட்டில் அந்தக்கால மொசைக் தரை நல்ல நிலையில் இருந்தால், தயவுசெய்து அதை மூடாதீர்கள். பள்ளம் ஓடும் பட்டையில் மட்டும் சில்லுகள் கலந்த கலவையை ஊற்றி இழைத்துப் பளபளப்பாக்கும் கைவேலைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறம் அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் இங்கே ஒரு சுவர் இருந்தது என்று சொல்லும் அந்தப் பட்டை, பக்கத்தில் ஒட்டாத புது ஓட்டைவிடப் பார்க்க நன்றாக இருக்கும்.

புதுத் தடுப்பை எழுப்புதல்

சுவரை எடுத்தவர்களில் பாதிப்பேர் வேறு இடத்தில் ஒரு சுவர் கேட்கிறார்கள்: பிள்ளைக்குப் படிப்பறை, அம்மாவுக்குத் தனியறை. புது இடத்தில் அடியில் பீம் இருக்காது, வெறும் தளம்தான் இருக்கும். ஆகவே அங்கே செங்கல் வேண்டாம். உலோகச் சட்டத்தின் இரு பக்கமும் ஜிப்சம் பலகை அடித்த தடுப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ, செங்கல் சுவரில் பத்தில் ஒரு பங்கு. அதே 7.8 சதுர மீட்டருக்கு 200 கிலோ கூட வராது. இதற்கும் அனுமதி வேண்டுமா என்று குத்தகையாளரை வீவகவிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சன்னலே இல்லாத அறை உருவாகும்படியோ, சமையலறைக்கும் கழிவறைக்கும் காற்று போகாதபடியோ தடுப்பு வைக்காதீர்கள்.

தரையில் நூல் அடித்துக் கோடு போடுங்கள், வாசல் வரும் இடத்தைக் குறியுங்கள். அந்தக் கோட்டை லேசர் மட்டத்தாலோ தூக்குக்குண்டாலோ கூரைக்கு ஏற்றுங்கள். பழைய வீட்டில் பக்கத்துச் சுவரை நம்பி அளக்காதீர்கள். அது செங்குத்தாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தரையிலும் கூரையிலும் டிராக் எனப்படும் உலோகத் தடம். அதன் அடியில் ஒலி தடுக்கும் பசை இரண்டு வரி ஓடட்டும். 600 மில்லிமீட்டருக்கு ஓர் ஆணி. கான்கிரீட்டில் துளை ஆழமாகப் போகக் கூடாது, தளத்துக்குள் வயர்க்குழாய் ஓடும். தடுப்பு உண்மையான கூரை வரை போகட்டும். பொய்க்கூரையோடு நிறுத்தினால் ஓர் அறையில் பேசுவது மேல்வழியாக அடுத்த அறைக்கு அப்படியே கேட்கும். இந்த ஒரு தவற்றை மட்டும் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

ஸ்டட் எனப்படும் செங்குத்துச் சட்டங்கள் 600 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். கனமான அலமாரி வரும் சுவர் என்றால் 400 வையுங்கள். உச்சியில் சட்டம் கூரைத் தடத்தை இறுக்கி முட்டாமல் ஒரு சென்டிமீட்டர் போல விடவேண்டும், கூரை அசையும்போது தடுப்பு நெளியாமல் இருக்க. வாசலின் இரு பக்கமும் சட்டத்தை இரட்டிப்பாக்கி உள்ளே மரம் செருகுங்கள். இல்லாவிட்டால் கதவு சாத்தும் ஒவ்வொரு முறையும் சுவர் அதிரும், சில மாதத்தில் கதவின் மூலையில் கீறல் வரும்.

பலகையை மூடுமுன் உட்காருங்கள், குடும்பமாக. இந்தச் சுவரில் என்னென்ன மாட்டப்போகிறீர்கள்? தொலைக்காட்சி, புத்தக அலமாரி, கண்ணாடி. அவை வரும் உயரத்தில் சட்டங்களுக்கு நடுவே 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையைப் பொருத்தினால் பிறகு எங்கும் பயமில்லாமல் திருகாணி போடலாம். ஜிப்சம் பலகை மட்டும் கனத்தைத் தாங்காது. பிடோக்கில் ஒரு அம்மா, மகன் வீட்டில் தனக்கென்று ஒரு சிறு அறையும் அதில் சாமி மேடையும் கேட்டார். மேடையைச் சுவரில் தொங்கவிடச் சொன்னார். சலவைக்கல் மேடை, வெள்ளிப் படங்கள், எண்ணெய் விளக்கு எல்லாம் சேர்ந்த எடையைத் தரையிலேயே நிறுத்தச் சொன்னேன். விளக்குச் சுடருக்குப் பின்னால் ஒரு ஓட்டுப் பட்டையும் வைத்தோம், பலகையின் மேல்தாள் கருகாமல் இருக்க. "படம் மாட்ட இடம் வேணுமே தம்பி" என்றார். அதற்காக எதிர்ச்சுவரில் பிளைவுட் வைத்தேன்.

மின்பணியாளர் வயரிழுத்த பிறகு, சட்டங்களுக்கு நடுவில் சத்தத்தை உறிஞ்சும் 50 மில்லிமீட்டர் பாறைக்கம்பளியை (ராக்வுல்) இடைவெளி இல்லாமல் அடைக்கவேண்டும். பலகை 12 மில்லிமீட்டர் தடிமன். தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி அடியுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் தரை கழுவும்போது அடிப்பாகம் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒரு பக்கத்துப் பலகை இணைப்பும் மறுபக்கத்து இணைப்பும் ஒரே சட்டத்தில் வரக்கூடாது. திருகாணி 300 மில்லிமீட்டருக்கு ஒன்று, அதன் தலை தாளைக் கிழிக்காமல் மெல்ல உள்ளே அமுங்கவேண்டும். தாள் கிழிந்த திருகாணி எதையும் பிடிப்பதில்லை, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். படுக்கையறைக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு பலகை அடித்தால் சத்தம் நன்றாகக் குறையும்.

சமையலறைத் தொட்டியின் பின்புறத்துக்கு சிமெண்ட் பலகை. குளியலறைக்கு இந்த முறையே வேண்டாம். அங்கே நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுதான் உயிர்நாடி, அது தனி வேலை.

சமையலறைச் சுவரை எடுத்துத் திறந்த சமையலறை ஆக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தினமும் தாளிக்கிற வீட்டில் எடுக்காதீர்கள். கருவேப்பிலையும் கடுகும் வெடிக்கும் எண்ணெய்ப்புகை மூன்று மாதத்தில் சோபாவில் ஏறிவிடும். வெளிச்சம்தான் வேண்டும் என்றால் மேல்பாதியை மட்டும் எடுத்துக் கண்ணாடிச் சன்னல் வையுங்கள்.

இணைப்புகளில் நாடா ஒட்டி, பட்டி மூன்று கை பூசவேண்டும். ஒவ்வொரு கையும் முழுக்கக் காயட்டும். நம் ஊரின் ஈரக்காற்றில், அதுவும் டிசம்பர் மழையில், பையில் போட்டிருக்கும் நேரத்தைவிட அதிகம் ஆகும். மின்விசிறி போட்டுவையுங்கள். தேய்த்த பிறகு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் மேடுபள்ளம் எல்லாம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வண்ணம்.

கடைசித் தவணைப் பணத்தை இந்த டார்ச் சோதனை முடியும்வரை கையில் வைத்திருங்கள். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதிக்கொள்ளுங்கள். தகராறு முற்றினால் சிறு உரிமைக்கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறது.

பலகை அடிக்குமுன் ஒன்றை மறக்காதீர்கள். சட்டம், பிளைவுட், வயர் எல்லாம் தெரியும்படி, அளவு நாடாவைச் சுவர் முழுக்க விரித்துப் பிடித்து, ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வையுங்கள். போன வருஷம் அந்தப் பிடோக் அம்மா கூப்பிட்டார். அவர் கணவர் தவறி மூன்று மாதம் ஆகியிருந்தது. "தம்பி, அவர் படத்தை மாட்டணும். எங்க ஆணி அடிக்கிறது?" கைப்பேசியில் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். "சன்னல் மூலையிலேருந்து 1.2 மீட்டர் தள்ளி, தரையிலேருந்து 1.6 மீட்டர் உயரத்துல அடிங்கம்மா. அங்க மரம் இருக்கு."